சனிக்கிழமைத் தையலும் ஒரு கோரிக்கையும்

(நமது நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் தையல் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் சார் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

சனிக்கிழமை மதியம் கிளப் ஹவுஸில் தையல் மெஷின் சத்தம் கேட்கிறதே, மஞ்சப்பை தைக்கிறீர்களா என்று பலர் லிஃப்டில் கேட்கிறீர்கள். இல்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் கடைக்கு எடுத்துப்போகும் பைக்கு நம் வீடுகளில் பஞ்சமே கிடையாது. ஒரு முகூர்த்த மாதம் போனால் தாம்பூலப் பையே பத்து சேர்ந்துவிடுகிறது. டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2018-ல் ஒரு கணக்குப் போட்டது. பருவநிலையை மட்டும் பார்த்தால்கூட, ஒரு புதுப் பருத்திப் பையைக் குறைந்தது 52 முறையாவது பயன்படுத்த வேண்டுமாம். ஆகவே இருக்கிற பையை மறக்காமல் எடுத்துப் போங்கள், அது போதும்.

நாங்கள் தைப்பது இரண்டே வகை. இரண்டுக்கும் புதுத் துணி வாங்குவதில்லை.

முதலாவது, வாக்கரில் மாட்டும் பை. வாக்கர் பிடித்து நடப்பவருக்கு இரண்டு கையும் அதில்தான் இருக்க வேண்டும். அப்புறம் செல்போனை எங்கே வைப்பது? நம் ‘பி’ பிளாக் மாமி ஒருவர் போனை இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பார். அது நழுவ, குனிய, விழுந்தது இடுப்பெலும்பு. பழைய ஜீன்ஸில் தைத்த ஒரு பை இருந்திருந்தால் அந்தக் குனிதலே இருந்திருக்காது. முன்கம்பியில் வெல்க்ரோவால் மாட்டுகிறோம், துவைக்கக் கழற்றலாம். உள்பக்கம் வெளிர்நிறத் துணி, மாத்திரை அட்டை கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. போன், கண்ணாடி, மாத்திரை, கைக்குட்டை, இவ்வளவுதான் கொள்ளும். தண்ணீர் பாட்டில் நுழையாத அளவுக்கு வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறோம். முன்பக்கம் பாரம் ஏறினால் வாக்கரே குப்புற விழும்.

இரண்டாவதைப் பற்றித்தான் இன்று முக்கியமாகப் பேச வந்தேன்.

நம் வளாகத்தில் வேலை பார்க்கும் ஒரு சகோதரிக்குப் போன வருடம் மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தது. அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு உள்ளே நீர் கட்டாமல் இருக்க ஒரு குழாய் போட்டு, அதன் முனையில் ஒரு குடுவை மாட்டி, பல நேரம் அப்படியே வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒரு நாளில் வடிவது சுமார் 30 மில்லிக்குக் கீழே வந்த பிறகே பெரும்பாலும் குழாயை எடுப்பார்கள். ஒரு வாரம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை தூங்கும்போதும் பாத்ரூம் போகும்போதும் அந்தக் குடுவை கூடவே இருக்கும். இவர் அதை ஒரு நகைக்கடை கேரி பேகில் போட்டு, முந்தானையால் மூடிக்கொண்டு, பஸ்ஸில் ஊருக்குப் போனார். குழாயைத் தோலோடு சேர்த்துத் தைத்திருப்பார்கள். கூட்டத்தில் யார் கை பட்டு இழுத்தாலும் உயிர் போகும் வலி.

அதற்குத்தான் ஒரு தோள்பை. தைத்துக்கொண்டு போய் நிற்காமல், முதலில் ஒரு வார்டு சிஸ்டரிடம் கேட்டோம். அவர் சொன்னபடிதான் எல்லாம். குடுவை எப்போதும் காயத்துக்குக் கீழே தொங்க வேண்டும், ஆகவே தோள்பட்டி நீட்டிக் குறைக்கிற மாதிரி. ஜிப் கூடாது, குழாயை நசுக்கும். வாய் திறந்தே இருக்க வேண்டும், அளவு பார்க்கக் குடுவையைச் சுலபமாக எடுக்க வேண்டும். பட்டி அறுவை செய்யாத பக்கத் தோளில் வரும். பழைய பருத்தி வேட்டிதான் இதற்கு உத்தமம், தோலை உறுத்தாது. வெந்நீரில் துவைத்து, வெயிலில் காயப்போட்டு, இஸ்திரி போட்டு, ஆளுக்கு இரண்டாகக் கொடுக்கிறோம். ஒன்றைத் துவைக்கும்போது மற்றொன்று வேண்டுமல்லவா?

பணமாகக் கொடுத்தால் கடையில் வாங்கிவிடலாமே என்று பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இந்தப் பை தெருமுனைக் கடையில் கிடைக்காது. ஆன்லைனில் வாங்கும் விலையோடு பார்த்தால் எங்களுக்கு ஆகிற செலவு நூலும் நாடாவும்தான்.

இனி கோரிக்கை. இன்றைய பட்டியலில் கிளப் ஹவுஸைச் சனிக்கிழமைகளில் வாடகைக்கு விடும் தீர்மானம் இருக்கிறது. சங்கத்துக்கு வருமானம் வேண்டும், நான் எதிர்க்கவில்லை. ஜிம்முக்குப் பக்கத்தில் பழைய நாற்காலி அடைந்து கிடக்கும் சின்ன அறையை எங்களுக்குக் கொடுங்கள். ஒரு பிளக் பாயிண்ட், பூட்டுள்ள ஒரு அலமாரி போதும். இடமில்லாமல் நிறுத்தினால், அந்த சிஸ்டருக்கு மாதாமாதம் போகிற பைகள் நின்றுவிடும்.

தைக்கத் தெரியாதவர்களும் வரலாம். ஜீன்ஸின் தையல் பிரிக்க, அளந்து வெட்ட, இஸ்திரி போட ஆள் தேவை. ஆண்கள் வந்தால் இன்னும் நல்லது. வேட்டி, பெட்ஷீட், ஜீன்ஸ் எதுவானாலும் துவைத்துக் கொடுங்கள். பாலியஸ்டர் புடவை மட்டும் வேண்டாம். கத்தரியும் கையோடு கொண்டுவாருங்கள். எங்களிடம் இருப்பவை இரண்டே, இரண்டும் ஜீன்ஸ் வெட்டியே மழுங்கிவிட்டன.