மல்லிகைச் சரத்தில் ஒரு கனகாம்பரம்

சின்னக் குழந்தைகளுக்கு வரும் கண் புற்றுநோய் ஒன்று உண்டு. ரெட்டினோபிளாஸ்டோமா என்பார்கள். போட்டோவில் குழந்தையின் கண்மணி வெள்ளையாக மின்னும். அப்படித் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். உடனே கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் ஆர்பி1 என்ற ஒரே ஜீனில் வரும் பிழை. நம்ம மதுரை அண்ணா நகரில், அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்த ஜீனை ஆராய்கிறார்கள்.

ஜீன் என்பது நாலே எழுத்துகளால் ஆன நீண்ட வரி. கருவி அதைத் துண்டு துண்டாக, திரும்பத் திரும்பப் படிக்கும். அத்தனையையும் மனிதர் வாசித்து முடிக்க முடியாது. அதனால்தான் படமாகக் காட்டும் மென்பொருள். ஐஜிவி என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் பிராட் நிறுவனத்தில் உருவானது, இலவசம். சரியான எழுத்தெல்லாம் சாம்பல் நிறம். மாறிய எழுத்து மட்டும் கலரில்.

கருவி படித்த ஒவ்வொரு துண்டையும் ஒரு மல்லிகைச் சரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அந்தச் சரங்களை அடுக்கியிருக்கிறார்கள். நடுவே ஒரு கனகாம்பரம். தேடவே வேண்டாம், கண்ணில் படும். ஒரே சரத்தில் இருந்தால் கை தவறியிருக்கும். பாதிச் சரங்களில், அதே இடத்தில் இருந்தால்? தவறல்ல. இந்த ஜீன் நமக்கு இரண்டு பிரதி. அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று. அதனால்தான் பாதி. குழந்தையின் ரத்தத்தில் இப்படித் தெரிந்தால், அந்த மாற்றம் பிறவியிலேயே இருக்கிறது.

அப்புறம் தம்பி, தங்கையின் ரத்தத்தில் அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். மாற்றம் இருந்தால், கைக்குழந்தையிலிருந்தே கண்ணைக் கவனித்துப் பார்வையைக் காக்க வழி உண்டு. இல்லையென்றால், அந்தப் பிஞ்சுக்கு அடிக்கடி மயக்க மருந்து கொடுத்துக் கண்ணைச் சோதிக்க வேண்டியதில்லை.