கொட்டியாரக் குடாவின் அக்கரைப் பிள்ளைகள்



திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் அக்கரையில் மூதூர். அங்கிருந்து ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை எனக் கடலோரமாகக் கரையோர வேடர் என்ற ஆதிக்குடியினரின் ஊர்கள். மீன்பிடியும் தேனெடுப்பும் சேனையும் அவர்களின் சீவியம்; பேசுவது தமிழ். 1911 இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியின் ஆய்வு நூல் அவர்களைப் பற்றித் தனியாகப் பேசுகிறது. 2012 குடிசனக் கணக்கெடுப்பின் இன அட்டவணையிலோ வேடருக்குத் தனி நிரல் இல்லை. அந்த ஊர்களிலிருந்து எத்தனை பேர் தாதியரானார்கள் என்று அதில் தேடிப் பயனில்லை.

தாதியர் பயிற்சிக்கு வழமையான வாசல் உயர்தர விஞ்ஞானப் பிரிவு. சிற்றூர்ப் பாடசாலைகள் பல 11 ஆம் தரத்தோடு நின்றுவிடுகின்றன. இரசாயனவியலும் உயிரியலும் படிக்கப் பிள்ளை பட்டினத்துக்கு வர வேண்டும். விடுதிக் காசு, பஸ் காசு, ரியூசன் காசு! வாடைக்காற்றில் கடல் கொந்தளித்து வள்ளம் கரையேறிக் கிடக்கும் மாதங்களில் தகப்பன் எதைக் கட்டுவார்? இதே கரைதான் 2004 இல் சுனாமியையும் 2006 இல் போரின் இடப்பெயர்வையும் தாங்கியது.

பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு உண்டு. பின்தங்கிய மாவட்டங்களுக்கான சலுகையும் திருகோணமலைக்கு உண்டு. ஆனால் மாவட்டத்துக்குள் நகரப் பிள்ளையும் வெருகல் பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

பிற நாட்டு ஆதிக்குடியினருக்கும் தாதியராவதில் தடைகள் இருந்தன. கனடாவில் மொஹாக் ஆதிக்குடிப் பெண் எடித் மொன்டூருக்குச் சொந்த நாட்டுத் தாதியர் பள்ளிகள் இடம் தரவில்லை. எல்லை தாண்டி நியூயோர்க் மாநிலத்தில் படித்து 1914 இல் தேறினார். முதலாம் உலகப் போரில் பிரான்சில் காயமுற்ற படையினரைப் பராமரித்தார். அவுஸ்திரேலியாவில் ஆதிக்குடித் தாதி சாலி கூல்ட் 1997 இல் ஆதிக்குடித் தாதியருக்கென ஓர் அமைப்பைத் தொடங்க முன்னின்றார். பிள்ளைகளைச் சேர்ப்பதோடு, சேர்ந்தவர்கள் இடைநடுவில் விலகாமல் காப்பதும் அதன் வேலையாயிற்று.

இங்கும் வேலை பயிற்சிக் கல்லூரி வாசலுக்கு வெகு முன்னரே தொடங்க வேண்டும். சடங்கு வைத்து நோய் தீர்க்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளை வெள்ளை உடையில் கட்டிலருகே நின்றால், அவ்வூர்க் கிழவி மருந்தை நம்பி வாங்குவாள்.

2009 இல் 396 மீற்றர் கிண்ணியாப் பாலம் திறந்தபின் தரைவழி சுலபமாகிவிட்டது. விஞ்ஞானப் பட்டதாரிகள் சனிக்கிழமைகளில் அக்கரைக்குப் போய் இரசாயனவியல் சொல்லிக் கொடுக்கலாம். அங்கு நியமனம் பெறும் தாதியர் 9 ஆம் தரப் பிள்ளைகளை வாட்டுக்கு அழைத்து, இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டியைக் கையில் கொடுத்துப் பழக்கலாம். பயிற்சிக்கான வர்த்தமானி அறிவித்தல் வந்ததும், அந்த வீடுகளுக்குப் போய், முடிவுத் திகதிக்கு முன் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்ப உதவுவது இன்று பட்டம் பெறுவோரின் முதல் வேலையாகட்டும்.