ஜன்னலை மாற்றுமுன் ஒரு கணக்கு



நம் கியாக்டடாவில், பன்சோடான் தெரு, மெர்ச்சன்ட் தெருப் பக்கத்துப் பழைய கட்டடங்களில், சாய்வுப் பலகை வைத்த மரஜன்னல்களை இன்னும் பார்க்கலாம். பல வீடுகளில் அவற்றைக் கழற்றிவிட்டு அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி போடுகிறார்கள். "இரட்டைக் கண்ணாடி போட்டால் ஏசி செலவு குறையுமாமே, போடலாமா?" என்று என்னிடமும் கேட்கிறார்கள். நான் தச்சன் அல்ல, கணக்கு எழுதுகிறவன். ஆகவே கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் வெப்பம் வரும் வழி. இரட்டைக் கண்ணாடியின் நடுவே அடைபட்ட காற்று, ஒரு பக்கத்துச் சூடு மறுபக்கம் போவதைக் குறைக்கிறது. லண்டன் குளிர்காலத்தில் வீட்டின் உள்ளும் புறமும் 15 டிகிரி வித்தியாசம் சாதாரணம். அது இரவும் பகலும் நீடிக்கும். இங்கே ஏப்ரல் பிற்பகலில் வெளியே 37, ஏசி அறையில் 26. வித்தியாசம் 11, அதுவும் சில மணி நேரமே. நமக்கு முதல் எதிரி நேர்வெயில். தெளிந்த கண்ணாடி, ஒன்றானாலும் இரண்டானாலும், வெயிலின் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். வெயிலைத் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடி வேறு. அதைக் கேட்டு வாங்க வேண்டும். உள்ளே திரை போடுவதைவிட வெளியே தட்டி கட்டுவது மேல். வெயிலைக் கண்ணாடிக்கு முன்பே நிறுத்திவிடலாம்.

அடுத்து மின்கட்டணம். அது படிப்படியாக ஏறுவது. 2019 ஜூலையில் வந்த விகிதப்படி முதல் 30 யூனிட்டுக்குத் தலா 35 கியாட்; 200-க்கு மேற்பட்டதற்கு 125. பின்னர் கட்டணம் இன்னும் ஏறிவிட்டது. ஆனால் படிமுறை என்பதை மறக்காதீர்கள். நீங்கள் மிச்சம் பிடிக்கும் யூனிட் மேல்படியிலிருந்துதான் குறையும். எனவே சராசரி விலையால் அல்ல, உங்கள் பில்லின் கடைசிப் படி விலையால் பெருக்குங்கள்.

ஓர் உதாரணம். புது ஜன்னல்களுக்கு 12 லட்சம் கியாட் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 40 யூனிட் மிச்சம், கடைசிப் படி 300 கியாட் என்றால், மாதம் 12,000. முதல் திரும்ப 100 மாதம், அதாவது எட்டு வருஷத்துக்கு மேல். மின்சாரம் பாதி நேரம்தான் வருகிறதென்றால் மிச்சமும் பாதி. பதினாறு வருஷத்தைத் தாண்டும். அதே வீட்டில் தட்டி கட்டி, மரஜன்னலைச் செப்பனிட 1,20,000 ஆகி, 20 யூனிட் மிச்சமானால் 20 மாதத்தில் முதல் வந்துவிடும். உங்கள் தொகைகளைப் போட்டு நீங்களே பாருங்கள்.

மின்சாரம் நின்றால் காற்றுதான் துணை. தள்ளு கண்ணாடி ஜன்னல் பாதிதான் திறக்கும். மரஜன்னல் முழுதும் திறக்கும், மூடினாலும் பலகை இடுக்கில் காற்று வரும். ஆனால் தெருவின் ஜெனரேட்டர் சத்தம் தாங்காமல் கண்ணாடி போடுகிறவர்கள் உண்டு. அது நியாயமான செலவே. அதை மின்சார மிச்சத்தில் எழுதாமல் நிம்மதிச் செலவில் எழுதுங்கள்.

குடியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் ஆறு மாதம், ஒரு வருஷ வாடகையை முன்பணமாகக் கொடுக்கிறோம். எட்டு வருஷத்தில் திரும்பும் முதலை ஒரு வருஷ ஒப்பந்தத்தில் போடாதீர்கள். வீட்டுக்காரரிடம் பேசி வாடகையில் கழித்துக்கொள்ள எழுதி வாங்குங்கள். தட்டியென்றால் போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

சொந்த வீட்டுக்காரர்கள், மேற்கு வெயில் படும் ஒரே ஓர் அறையில் முதலில் தட்டி கட்டி, இரண்டு மாத பில்லைப் போன வருஷத்து அதே மாதங்களின் யூனிட்டோடு ஒப்பிடுங்கள். பிறகு கண்ணாடிக் கடைக்குப் போகலாம். கழற்றிய தேக்கு ஜன்னலைத் திரும்பச் செய்வது சுலபமல்ல.