அடக்கம் தெரிந்தால்தான் விலை சொல்ல முடியும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் கண்டரமாணிக்கம் பலகாரக் குழு உறுப்பினர் ஆற்றிய உரை)



தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம் செய்ய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் "கிலோ என்ன விலை?" என்று கேட்டால், பக்கத்துக் கடையில் என்ன விலையோ அதில் பத்து ரூபாய் குறைத்துச் சொல்லிவிடுகிறோம். வருஷா வருஷம் ஐந்தொகை போட்டு லாப நட்டம் பார்த்த நகரத்தார் சீமை இது. நாமும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

5 கிலோ மாவில் தேன்குழல் சுடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். விலையெல்லாம் ஒரு உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். அரிசி 4 கிலோ 200 ரூபாய், உளுந்து ஒரு கிலோ 130, வெண்ணெய், சீரகம், உப்பு, காயம் 120, செலவாகும் எண்ணெய் 2 லிட்டர் 300, அரவை 50, கேஸ் 100, கவரும் லேபிளும் 60. மொத்தம் 960. சரக்கு 6 கிலோ தேறுகிறது. கிலோவுக்கு 160 ரூபாய். 220-க்கு விற்றால் 60 ரூபாய் லாபம் என்று சந்தோஷப்படுவோம்.

அடுப்படியில் அரை நாள் வெந்த இரண்டு பேர் கூலி எங்கே? ஆளுக்கு 200 போட்டால் 400. இப்போது மொத்தம் 1,360; கிலோ அடக்கம் 227. அதே 220-க்கு விற்றால் கிலோவுக்கு 7 ரூபாய் நட்டம்! நாம் லாபம் என்று நினைத்தது நம்ம கூலியே. அதனால் கணக்கு நோட்டில் முதல் வரியாகக் கூலியை எழுதுங்கள்.

விலையை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. அப்போது மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் கொள்முதல். குழுவுக்குக் குழு தனித்தனியாக, அதுவும் கடனுக்கு வாங்கினால், கடைக்காரர் சொன்னதுதான் விலை. கடன் வாங்கிய வாய்க்குப் பேரம் பேச வராது. எல்லாக் குழுவும் அடுத்த மாதத் தேவையை ஒரே பட்டியலாக எழுதி, மூன்று கடையில் விலை கேட்டு, ரொக்கத்துக்கு வாங்கினால் பேச்சே வேறு. விலை மட்டும் பார்த்தால் போதாது. மாதிரி வாங்கி ஒரு தடவை சுட்டுப் பாருங்கள். அரிசி மாறினால் தேன்குழல் கடுக்கென்று போய்விடும். மூட்டை வந்ததும் நம்ம தராசில் நிறுங்கள், பில் வாங்குங்கள். முதலில் வந்த மூட்டையை முதலில் பிரியுங்கள். மலிவு என்று அளவுக்கு மேல் வாங்கினால் வண்டு விழும், பணமும் முடங்கும்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். 1959-இல் மும்பை கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கியதுதான் லிஜ்ஜத் அப்பளம். அங்கே சாமான் வாங்குவது பொதுவில். மாவையும் ஒரே இடத்தில் பிசைந்து கொடுக்கிறார்கள். பெண்கள் வீட்டுக்கு எடுத்துப்போய் இட்டு, காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்து, கூலி வாங்குகிறார்கள். எத்தனை ஆயிரம் கை இட்டாலும் ருசி ஒன்று. கூலியும் கணக்கில் இருக்கிறது.

இன்னொன்று. சரக்கை வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் இழுத்தடிப்பவர்கள் உண்டு, எங்களுக்கும் நடந்திருக்கிறது. குழுத் தொழிலுக்கு உத்யம் பதிவு செய்யுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. 2006-ஆம் வருஷச் சிறுதொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் வட்டியும் சேர்த்துத் தர வேண்டும். அதனால் சரக்குக் கொடுக்கும்போதே தேதி போட்ட பில்லில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் இரண்டு தாள் கொண்டுவாருங்கள்: ஒன்றில் கூலி சேர்த்த அடக்கவிலை, இன்னொன்றில் ஒரு மாதச் சாமான் பட்டியல். அதை வைத்து முதல் பொதுக் கொள்முதலை அன்றைக்கே பேசி முடிப்போம்.