அனுப்பினது யார்னு முதல்ல படிங்க

1991-ல நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் நடந்தப்போ எழுத்துக் கத்துக்கிட்ட அம்மாக்கள் இங்கேயும் இருப்பீங்க. சைக்கிள் ஓட்டப் பழகினதும் அப்போதான்! அன்னைக்கு பஸ் போர்டு படிச்ச மாதிரி, இன்னைக்கு மெயில் அனுப்பினவர் முகவரியைப் படிக்கணும்.

'வருமான வரித் துறை, உங்களுக்கு ரீஃபண்ட் இருக்கு, இந்த லிங்கை அழுத்துங்க' என்று மெயில் வரும். பெயரை யார் வேணும்னாலும் போட்டுக்கலாம். பெயருக்குக் கீழே இருக்கிற சின்ன அம்புக்குறியைத் தொட்டால் முழு முகவரி தெரியும். ஜிமெயில் என்று முடிஞ்சால் அது துறை அனுப்பினதே இல்லை. முகவரி சரியாத் தெரிஞ்சாலும் லிங்கை அழுத்தாதீங்க. துறையின் இணையதளத்துக்கு நீங்களே போய்ப் பாருங்க.

ஜவுளிக்கடை விளம்பரம் வேற. பில் போடும்போது நாமதான் முகவரி கொடுத்திருப்போம். அதுல 'அன்சப்ஸ்கிரைப்' அழுத்தினால் நின்னுடும். ஆனா முன்பின் தெரியாத மெயில்ல அதை அழுத்தினால், 'இந்த முகவரியில ஆள் இருக்கு' என்று நாமே சொன்ன மாதிரி. அதை 'ஸ்பேம்' என்று புகார் பண்ணுங்க, போதும். ஜிமெயில்ல ஸ்பேம் பெட்டியில் விழுந்தது 30 நாள்ல தானா அழியும். வேலைக்கு விண்ணப்பிச்ச பிள்ளைகள் மட்டும் வாரம் ஒருதரம் அங்கே எட்டிப் பாருங்க. நல்ல மெயிலும் சில நேரம் அதுல போய் விழும்.

பணம் போயிடுச்சா? உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க. போன பணம் ஒரு கணக்குலேயே நிக்காது, அடுத்தடுத்த கணக்குக்கு மாறிக்கிட்டே இருக்கும். சீக்கிரம் சொன்னால்தான் வழியில நிறுத்தப் பார்க்க முடியும். வீட்டுக்காரர் திட்டுவாரேன்னு ரெண்டு நாள் மறைச்சு வைக்காதீங்க.