செவிவழி ஆங்கிலம்



பெங்களூரில் வாழும் தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழும் வீதியில் கன்னடமும் கேட்டு வளர்கிறது. பள்ளியிலோ ஆங்கிலம் எதிர்ப்படுகிறது. பாடம் விளங்காது விழித்தால், மந்தபுத்தி என்று நாம் எண்ணிவிடுகிறோம். பல வேளைகளில் அதற்கு வேண்டுவது செவிப்பயிற்சியே.

குண்டூசி, குப்பைத்தொட்டி ஆகிய இரண்டிற்குமுரிய ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால், இரண்டும் 'பின்' என்றே நிற்கும். நம் எழுத்து அவ்வொலி வேறுபாட்டைக் காட்டுவதில்லை. கன்னடத்தில் அவற்றிற்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு. ஆகவே அண்டை மொழியும் நமக்கு ஆசானே.

ஆங்கில ஆசிரியரைப் பயிற்றுவிக்க இந்நகரில் 1963-ஆம் ஆண்டு தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனம் தோன்றியது. கல்விக்கென்றே 2004-இல் 'எடுசாட்' செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2010-இல் அதன் பணி முடிந்தது. விண்கலம் ஓய்ந்தாலும் கைப்பேசி நம்மிடம் உண்டு. ஆசிரியரின் இசைவு பெற்று, அவர் வாசிக்கும் நான்கு வரிகளை அதில் பதிவு செய்வோம். குழந்தை அதைக் கேட்டு, தானும் சொல்லிப் பதிந்து, இரண்டையும் ஒப்பிடட்டும். இதற்கு இணையமும் வேண்டா. வகுப்பில் நாணி வாய்மூடும் குழந்தை, தனிமையில் பத்து முறையும் சொல்லிப் பார்க்கும். அப்போது பிழை கேட்டு நகையாதிருத்தல் நம் கடமை.