புத்தரை விஷ்ணுவாக்கிப் பேய்க்காட்ட வேண்டாம்



போன கிழமை இதே ஒட்டுசுட்டானில் நடந்த ஒரு கூட்டத்தில், கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரியவர் எங்களுக்கு அவதாரம் படிப்பித்துவிட்டுப் போனார். புத்தரும் விஷ்ணுவின் அவதாரம்தானாம். ஆகையால் எங்கட ஆதிசிவன் ஐயனார் இருக்கிற குருந்தூர்மலையில் விகாரை எழும்பினால் அதுவும் எங்கட கோயில்தானாம். முன்வரிசையில் சிலர் கையும் தட்டினார்கள்! எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

மேலே இருக்கிறவர் உலகத்துக்கு இறங்கி வருவது அவதாரம். சரி, இறங்கட்டும். பத்து அவதாரத்தில் புத்தரை எண்ணுகிறவர்கள் உண்டு, பலராமரை எண்ணுகிறவர்களும் உண்டு. ஆனால் அந்தப் புத்தர் எதற்கு வருகிறார் என்று பாகவதம் சொல்கிறது? தேவர்களின் பகைவரை மயக்க! பெரியவரே, இதை ஒரு பிக்குவின் முகத்துக்கு நேரே சொல்லிப் பாரும். 1956இல் நாக்பூரில் பௌத்தரான அம்பேத்கர் எடுத்த 22 உறுதிமொழிகளில் ஐந்தாவதே, புத்தரை விஷ்ணுவின் அவதாரமென்று நம்பமாட்டேன் என்பதுதான். தெவிநுவரைக்குப் போனால் விஷ்ணு பௌத்தத்தின் காவல் தெய்வம். உங்கள் கணக்கில் புத்தர் விஷ்ணுவின் வேஷம், அவர்கள் கணக்கில் விஷ்ணு புத்தரின் காவற்காரன். முதலில் நீங்கள் இரண்டு பகுதியும் பேசி முடித்துவிட்டு எங்களிடம் வாருங்கள்.

அவதாரம் எடுப்பதில் எங்கட கட்சிக்காரரை வெல்ல ஆளில்லை என்பதையும் சொல்லத்தான் வேணும். தேர்தல் வந்தால் வேட்டி, விபூதிப் பட்டை, மலையடியில் ஒரு படம். வாக்குப்பெட்டி மூடினால் வைகுண்டம் போய்விடுவார்கள்.

எங்கட சிவனுக்குப் பிறப்பில்லை. அவன் தானாய்த் தோன்றுவான். கூப்பிடு தூரத்தில் தான்தோன்றீஸ்வரர் இருக்கிறார். குரக்கன் ஒட்டுக்குக் கமக்காரன் நெருப்பு வைக்க லிங்கம் வெளிப்பட்டதென்று பேத்திமார் சொன்ன கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். நெருப்பில் கடவுளைக் கண்ட சனம், 2023 ஜூலை 14ஆம் திகதி ஆதிசிவன் ஐயனாருக்குப் பொங்கக் குருந்தூர்மலை ஏறியது. மூட்டிய அடுப்பைப் பொலிஸ் அணைத்தது. தொல்பொருள் கெட்டுவிடுமாம்! சீமெந்து குழைத்துத் தூபி கட்டும்போது கெடாத தொல்பொருள், ஒரு பானை பொங்கினால் கெட்டுவிடுமாம்! ஒரு கிழவி என்னைக் கேட்டா: “தம்பி, ஐயனாருக்குப் பொங்க இனி ஆரிட்டப் பாஸ் எடுக்கிறது?”

2021 ஜனவரியில் இராஜாங்க அமைச்சர் விதுர விக்கிரமநாயக்க இராணுவம் சூழ குருந்தூர்மலைக்கு வந்து, புத்தர் சிலையோடு தொடக்கிவைத்த வேலை இது. அடுத்த மாதமே மண்ணுக்குள்ளிருந்து எட்டுப் பட்டைக் கல்லொன்று வந்தது. தாராலிங்கம் என்றோம், கேட்பாரில்லை. 2022 ஜூலையில் முல்லைத்தீவு நீதிமன்றம் வேலையை நிறுத்து என்றது. கட்டளை இருந்தது, கட்டடம் எழும்பியது! நீதவான் சரவணராஜா தானே மலையேறிப் பார்த்தார். 2023 ஆகஸ்டில், கட்டளை மீறப்பட்டிருக்கிறதென்று சொன்னார். கட்டளை இருந்தது, கட்டடமும் இருந்தது! செப்ரெம்பரில் உயிருக்கு அச்சுறுத்தல் என்று பதவியை விட்டு, நாட்டையும் விட்டுப் போனார். நீதவானும் போனார், கட்டடம் நிற்கிறது! அவதாரம் கிடக்கட்டும் ஐயா, இதற்குப் பதில் சொல்லும்!

குருந்தூர்மலை மட்டுமா? வவுனியா வடக்கு வெடுக்குநாறிமலையில் ஆதிலிங்கேஸ்வரரைப் பெயர்த்துப் பற்றைக்குள் எறிந்தது 2023 மார்ச்சில். எறிந்தவனை இன்னும் தேடுகிறார்களாம். ஆனால் 2024 சிவராத்திரி இரவில், சப்பாத்துக் காலோடு உள்ளே வந்து, பூசகரோடு சேர்த்து 8 பேரைப் பிடிக்க மட்டும் பொலிசுக்கு இருட்டிலும் கண் தெரிந்தது! 11 நாள் கழித்து வவுனியா நீதிமன்றம் அவர்களை விட்டது. அந்த 11 நாளுக்கு யார் பொறுப்பு?

வாற சிவராத்திரிக்கு நெடுங்கேணியில் கூடி, ஒலுமடுப் பக்கமாக வெடுக்குநாறிமலைக்கு நடந்து போவோம். 2024இல் குடிதண்ணியையும் மறித்தவர்கள். ஆளுக்கு ஒரு போத்தல் கையில் கொண்டுவாங்கோ. பிள்ளைகளோடு வருகிறவர்கள் இரண்டாகக் கொண்டுவாங்கோ.